வீட்டில் கொசு விரட்டி தயாரிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி மழை தொடங்கியதும் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் கொசுத் தொல்லை கூடிவிடுகிறது. கடையில் விற்கும் சுருளும் திரவமும் மூச்சுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள், நறுமண எண்ணெய்களை வாங்கி வீட்டிலேயே விரட்டி தயாரித்துக்கொள்கிறார்கள். அந்த விருப்பத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிட்ரோனெல்லா, எலுமிச்சைப்புல், கிராம்பு போன்றவற்றின் எண்ணெய்களுக்குக் கொசுவைச் சிறிது நேரம் அண்டவிடாத தன்மை உண்மையாகவே உண்டு. ஆனால், இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காக அளவையும் முறையையும் பொருட்படுத்தாமல் விடும்போது பயன் கிடைக்காமல் போவதோடு உடலுக்கும் தீங்கு நேர்கிறது.

முதல் தவறு எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடக்கிறது. ஊட்டிக்குப் போய்த் திரும்புகிறவர்களில் பலர் ஒரு குப்பி நீலகிரித் தைலம் வாங்காமல் மேட்டுப்பாளையம் இறங்குவதில்லை. யூகலிப்டஸ் கொசுவை விரட்டும் என்று எங்கோ படித்த நினைவில், அந்தத் தைலத்தையே தேங்காய் எண்ணெயில் கலந்து பூசிக்கொள்கிறார்கள். நீலகிரித் தைலத்தின் முதன்மைப் பொருள் சினியோல். சளிக்கும் மூக்கடைப்புக்கும் அது உதவுமே தவிர, கொசு விரட்டியாக அதை நம்பியிருக்க முடியாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைக்கும் விரட்டி, எலுமிச்சை மணம் வீசும் இன்னொரு வகை யூகலிப்டஸ் மரத்தின் இலையிலிருந்து வருவது. அந்த எண்ணெயையும் பதப்படுத்தி, அதிலுள்ள பி.எம்.டி. என்ற பொருளின் அளவை உயர்த்திய பிறகே விரட்டியாக விற்கிறார்கள். அதே மரத்தின் இலையை வெறுமனே காய்ச்சி வடித்த எண்ணெயில் பி.எம்.டி. மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால், இது வீட்டில் செய்துகொள்ளக்கூடிய ஒன்றன்று.

ஒரு முறை பூசினால் இரவு முழுவதும் காக்கும் என்று எண்ணுவது அடுத்த தவறு. நறுமண எண்ணெய் ஆவியாகிப் பரவுவதால்தான் கொசு விலகுகிறது. அந்த ஆவியாதலே அதன் ஆயுளையும் குறைத்துவிடுகிறது. சிட்ரோனெல்லா கலவை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. வியர்வை வழியும் வெயிலிலும், பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றிலும் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். மாலையில் வாசலில் உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு அது போதும். விடிய விடியத் தூங்குவதற்குக் கொசுவலையே சரி.

தண்ணீரில் சில சொட்டு எண்ணெய் விட்டுத் தெளிப்பான் புட்டியில் ஊற்றி வைப்பதைப் பல வீடுகளில் காணலாம். அந்தப் புட்டியை வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்த்தால், எண்ணெய் மேலே மெல்லிய வளையமாக ஒதுங்கி நிற்பது தெரியும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால், முதலில் வருவது வெறும் தண்ணீர். புட்டி தீரும் தறுவாயில் கலப்பற்ற எண்ணெய் நேரே தோலில் விழுந்து எரிச்சலைத் தரும். கிராம்பு எண்ணெய் மட்டும் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கி, முதல் தெளிப்பிலேயே தோலைப் பதம் பார்த்துவிடும். எனவே தோலில் பூசுவதற்குத் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோதான் ஏற்ற ஊடகம். காங்கேயத்தைச் சுற்றி இத்தனை எண்ணெய் ஆலைகள் இருக்க, நமக்கு அதில் குறையே இல்லை.

அளவில் கை தாராளமாகிவிடுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருவது. பெரியவர்களுக்கு 100 மில்லி தேங்காய் எண்ணெயில் மொத்தமாக 2 மில்லி நறுமண எண்ணெய், அதாவது ஏறத்தாழ 40 சொட்டு, போதுமானது. சொட்டின் அளவு குப்பிக்குக் குப்பி மாறும் என்பதால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சால் அளப்பதே நம்பகமானது. கிராம்பு எண்ணெயாக இருந்தால் அரை மில்லியைத் தாண்டக் கூடாது. கலந்ததை முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்து, சிவப்போ அரிப்போ இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மற்ற இடங்களில் பூச வேண்டும். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் எலுமிச்சைப் பழத்தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெயை அறவே தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைக் கொப்புளிக்கச் செய்து, மாதக்கணக்கில் மறையாத கருமையை விட்டுச் செல்லும்.

பேரப்பிள்ளைக்குச் சளி பிடித்தால் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவும் அமத்தாக்கள் நம் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். அதே எண்ணெயைக் கொசுவுக்கும் பூசுகிறார்கள். அந்த அன்பை மதிக்கிறேன். ஆனாலும் சொல்லியாக வேண்டும். கற்பூரம் கைக்குழந்தைகளின் உடலுக்குள் சென்றால், மிகச் சிறிய அளவிலேயே வலிப்பை உண்டாக்கக்கூடியது. நீலகிரித் தைலத்தை விழுங்கினாலும் அதே ஆபத்து உண்டு. பூசிய கையைக் குழந்தை வாயில் வைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. முன்பு கூறிய பி.எம்.டி. கலந்த விரட்டியைக்கூட மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே மருத்துவ அறிவுரை. தொட்டிலுக்கு மேல் வலை கட்டி, குழந்தைக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிடுவதே போதும். வீட்டில் பூனை இருந்தால், டீ ட்ரீ என்ற ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்து எடுக்கும் எண்ணெயை வாங்கவே வேண்டாம். அதைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது.

காலியான கொசு விரட்டிக் குப்பியில் வேப்பெண்ணெயையும் கற்பூரத்தையும் நிரப்பி மின்கருவியில் மாட்டும் யோசனை கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். அந்தத் திரியும் சூடாக்கியும் மெல்லிய, எளிதில் ஆவியாகும் திரவத்துக்காக அமைக்கப்பட்டவை. வேப்பெண்ணெயின் கொழுப்பு ஆவியாகாமல் திரியை அடைத்துக் கருகி, அறையில் புகையைத்தான் நிரப்பும். எளிதில் தீப்பற்றும் கற்பூரத்தை இரவு முழுவதும் சூடான கருவியில், அதுவும் படுக்கைக்கு அருகில், விட்டுவைப்பதற்கு எந்தச் சிக்கனமும் ஈடாகாது.

பிளாஸ்டிக் புட்டியில் வைத்தால் சில எண்ணெய்கள் அதை இளக்கிவிடும் என்பதால், அடர்நிறக் கண்ணாடிக் குப்பியே ஏற்றது. வெயிலும் காற்றும் பட்டுப் பழையதாகிப்போன எண்ணெய் தோல் ஒவ்வாமையை எளிதில் தூண்டும். மணம் மாறியதும் கொட்டிவிடலாம்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்பவர்களும் ஓர் இடத்தில் தவறிவிடுகிறார்கள். சிறுவாணி, பில்லூர் அணைகளிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் சில நாள் இடைவெளியில்தான் வருகிறது என்பதால், நல்ல தண்ணீரை டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்துவைக்காத வீடு அரிது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அந்தத் தெளிந்த நீரின் விளிம்பில்தான் முட்டையிடுகிறது, பகலில்தான் கடிக்கிறது. மாலையில் மட்டும் பூசும் எண்ணெய் அதைத் தடுக்காது. முட்டைகள் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். முட்டை கொசுவாக வளர ஏழிலிருந்து பத்து நாள் வரை ஆகும் என்பதால், வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி வைக்க வேண்டும்.