குளம் திருந்தினால் கிணறு தெளியும்

யாழ்ப்பாணத்தில் எங்கள் குடிநீர் நிலத்துக்கு அடியில், சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கிறது. அதை நிரப்புவது மாரி மழையும் ஊர்க் குளங்களும்தான். எங்கள் ஊர்க் குளத்தைத் திருத்திய விதத்தைச் சொல்கிறேன்.

ஆவணியில் குளம் வற்றியதும் கமநல சேவை நிலையத்தில் அனுமதி எடுங்கள். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். சேற்றை மட்டும் அள்ளினால் போதும். கல்லைப் பெயர்த்தால் அழுக்குத் தண்ணீர் வடிபடாமல் வெடிப்பு வழியே கிணற்றுக்குப் போய்விடும். கரையைச் சரிவாக விடுங்கள், கொக்கு நிற்க இடம் வேணும்.

வாய்க்கால் வந்து விழும் இடம்தான் முக்கியம். எங்கள் பக்கம் வெங்காயத் தோட்டங்கள். அங்கே போடும் யூரியா நைத்திரேற்றாக மாறி, தண்ணீரில் கரைந்து வரும். வாய்க்கால் விழும் இடத்தில் பத்தடி அகலத்துக்குக் கோரையும் நாணலும் வளரவிட்டோம். நைத்திரேற்றில் ஒரு பங்கை அவை உறிஞ்சிவிடும். முதல் வருடம் யாரோ பற்றை என்று நினைத்துக் கொளுத்திவிட்டார்கள், எனக்கு அழுகையே வந்தது. மாரி வந்ததும் தானாகத் தளிர்த்தது. இப்போது தாழைக்கோழி அதற்குள்தான் குஞ்சுகளோடு திரிகிறது.

ஆகாயத்தாமரையை வேரோடு அள்ளுங்கள். கரையில் மருது நடலாம். மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள நட்ட ஆவுரோஞ்சிக்கல் இருந்தால் அசைக்க வேண்டாம்.

தையில் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைத்தாலும் அது போகாது.