சிரிப்பு வரும் பக்கங்களைத் தாண்டிப் போகாதீர்கள்

குன்னூரில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள் இருக்கின்றன. ஏப்ரல், மே இரண்டு மாதமும் வெளியூர்க் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். கூடத்தில் ஒரு மர அலமாரி நிறைய நாவல்கள். பாதிக்கு மேல் துப்பறியும் கதைகள், அதிலும் சிரிக்க வைக்கும் துப்பறியும் கதைகள். வெயிலுக்குத் தப்பி மலை ஏறி வந்தவர்கள் கையில் கொடுக்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் கரூரிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவி, எடுத்த நாவலை ஒரே மதியத்தில் முடித்துக் கொண்டுவந்து வைத்தாள். "கடைசில ஏமாத்திட்டாங்க ஆன்ட்டி. அந்த ஆளு மேல சந்தேகம் வர்ற மாதிரி எங்கயுமே ஒண்ணும் சொல்லலை" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இதே நாவலைப் பற்றி இதே புகாரை இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான், இந்த மாதிரி நாவல்களைப் படிக்கும்போது நாம் செய்யும் தவறுகளை எழுத உட்கார்ந்தேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டக் கூடாது, முடிவை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மலை ஏறும்போதே தொடங்குவது

மலை அடிவாரத்தில் இருக்கும் கல்லாறு தாண்டியதும் புத்தகத்தை மூடிவிடுங்கள். காரில் வந்தால் கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டும். மலை ரயிலில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 1899இல் குன்னூர் வரை திறந்த அந்தப் பாதையில், பல்சக்கரம் பிடித்து ரயில் ஊர்ந்து ஏறும்போது ஜன்னலுக்கு வெளியே பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

சிரிப்பைத் தாண்டி விசாரணைக்கு ஓடுவது

பெரிய தவறு இதுதான்.

எனக்கு அப்போது இறுக்கமான துப்பறியும் நாவல்கள்தான் பழக்கம். பிணம், கைரேகை, வாக்குமூலம், கைது. முதல் முறையாக ஒரு நகைச்சுவைத் துப்பறியும் நாவல் கிடைத்தபோதும் அதே பழக்கத்தில்தான் படித்தேன். இன்ஸ்பெக்டர் வரும் பக்கங்களை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். வீட்டுப் பெரியவர்கள் காபிக்குச் சண்டை போடும் பக்கங்களை மேலோட்டமாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போனேன். கதை எப்போது சூடு பிடிக்கும் என்று காத்திருந்தேன். கதை அந்தக் காபிச் சண்டையில்தான் நடந்துகொண்டிருந்தது.

கொலைகாரர் யார் என்று தெரிந்ததும் கோபம் வந்தது. எழுதியவர் ஏமாற்றிவிட்டார் என்று நாலு பேரிடம் சொன்னேன். புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டேன். எட்டு வருடம் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதே நாவல் கண்ணில் பட்டது. என்ன தோன்றியதோ, வாங்கி வந்து இந்த முறை நிதானமாகப் படித்தேன். துப்பு மூன்று இடத்தில் இருந்தது. மூன்றும் நான் தள்ளிவிட்ட பக்கங்கள். மூன்றும் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும் இடங்கள். எழுதியவர் எதையும் மறைக்கவே இல்லை. ஆனால் கொலைகாரர் யார் என்பதுதான் எனக்கு ஏற்கெனவே தெரியுமே. ஒரு துப்பறியும் நாவலை ஒன்றும் தெரியாமல் படிப்பது ஒரே ஒரு தடவைதான் வாய்க்கும். அந்தத் தடவையை அவசரத்தில் தொலைத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அந்தத் துப்பு என்ன என்று இங்கே எழுத மாட்டேன். அந்த நாவல் என் அலமாரியில்தான் இருக்கிறது, நாளைக்கே நீங்கள் எடுத்துப் படிக்கலாம். அதே வகையில் நானே ஒன்று கட்டிச் சொல்கிறேன்.

ஒரு கல்யாண வீடு. அங்கே காது மந்தமான பெரியப்பா ஒருவர். "பந்தி போட்டாச்சு" என்றால் "வண்டி வந்தாச்சா?" என்று துண்டை உதறிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறார். "மோர் வேணுமா?" என்றால் "ஊருக்கு நாளைக்குத்தாம்மா போறேன்" என்கிறார். பத்துப் பக்கத்துக்கு ஒரு தடவை இப்படி ஏதாவது நடக்கிறது. ஐந்தாவது தடவை, சமையல்கட்டில் இரண்டு பெண்கள் நகைப் பெட்டிச் சாவி காணாமல் போனதைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பா உள்ளே நுழைந்து, "சாவி கிடைக்கலைன்னா பூட்டை உடைச்சுக்கலாம், இப்பக் காபியைக் குடும்மா" என்கிறார். நாம் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம். கிசுகிசுத்தது அவருக்கு எப்படிக் கேட்டது? அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அது பிடிபட்டுவிட்டால், மூன்று நாளாக அவர் முன்னால் கூச்சமில்லாமல் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று முதலிலிருந்து திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.

சிரிப்பு வந்ததும் அந்த வரியின் வேலை முடிந்துவிட்டது என்று நம் மனம் நினைத்துக்கொள்கிறது. இறுக்கமான நாவலில் மேஜை மேல் நின்றுபோன கடிகாரம் இருந்தால் உடனே சந்தேகப்படுவோம். நகைச்சுவை நாவலில் வீடு முழுக்க ஓடாத கடிகாரமும் கோணல் மனிதர்களும்தான். அதில் எதைச் சந்தேகப்படுவது? 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார், தாமும் துப்பறியும் கதை எழுதியவர், இந்தக் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். அவற்றில் ஒன்று, துப்பறிபவர் கண்ணில் படும் துப்பு உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும் என்பது. நல்ல நகைச்சுவை எழுத்தாளர் இதை மீற வேண்டிய அவசியமே இல்லை. துப்பை நம் கண் முன்னாலேயே வைத்துவிட்டு நம்மைச் சிரிக்க வைத்தால் போதும்.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான். ஒரே வேடிக்கை திரும்பத் திரும்ப வந்தால், எந்தத் தடவை அது கொஞ்சம் மாறுகிறது என்று பார்ப்பேன். எல்லோரும் சிரித்த இடத்தில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை என்று எழுதியிருந்தால் அங்கே நிற்பேன். சண்டையில் வாய் தவறி வரும் நேரம், கிழமை, எண்ணிக்கை இவற்றை விடமாட்டேன். பதினாறு இலை போட்ட பந்தியில் பதினைந்து எச்சில் இலைதான் எடுத்தார்கள் என்றால், ஒருவர் எழுந்து எங்கோ போயிருக்கிறார். இதற்காக முகத்தை இறுக்கிக்கொண்டு படிக்க வேண்டியதில்லை. முதலில் நன்றாகச் சிரியுங்கள். சிரித்த பிறகு அந்தப் பத்தியை இன்னொரு தடவை பாருங்கள்.

கரூர்ப் பெண்ணிடம் புத்தகத்தைத் திரும்பக் கொடுத்து, "மூணு இடம் இருக்கு, தேடிப் பாரு கண்ணு" என்றேன். சாயங்காலத்துக்குள் இரண்டைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் சந்தோஷப்படவில்லை. "முதல்லயே பார்த்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வருத்தம் என்னவென்று எனக்குத் தெரியும்.

எல்லா நாவலிலும் துப்புத் தேடுவது

இது அதற்கு நேர் எதிரான தவறு. மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு ஒருவர் எழுத்தாளர் தேவனின் துப்பறியும் சாம்புவை எடுத்து வரிவரியாகத் துருவ ஆரம்பித்தால் ஒன்றும் கிடைக்காது. சாம்பு துப்பைத் தேடிக் கண்டுபிடிப்பவர் இல்லை. அசட்டுத்தனமாக ஏதோ செய்வார், குருட்டு அதிர்ஷ்டத்தில் குற்றவாளி மாட்டிக்கொள்வான், ஊர் அவரை மகா மேதை என்று கொண்டாடும். நமக்கு மட்டும் உண்மை தெரியும். அந்த ரகசியத்தில் நாமும் பங்காளி என்பதுதான் அங்கே சுகம்.

எந்த வகை என்று முதல் இரண்டு அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். சிரிப்பு துப்பறிபவர் மேல் வருகிறதா, அவரைச் சுற்றியிருப்பவர்கள் மேல் வருகிறதா என்று பாருங்கள். துப்பறிபவரே அசடு என்றால் சாய்ந்து உட்கார்ந்து ரசியுங்கள். சுற்றியிருப்பவர்கள் என்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

"சாவுல என்ன சிரிப்பு?" என்று மூடிவைப்பது

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முப்பது பக்கத்தில் நிறுத்திவிட்டு இப்படிக் கேட்டார். நியாயமான கேள்விதான். நல்ல நாவலில் செத்தவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. இருப்பவர்களைப் பார்த்துத்தான் சிரிப்பு. எழவு வீட்டில் யாருக்குக் காபி வரவில்லை, எந்த மருமகன் முன்னால் நின்றான், பீரோ சாவி யார் இடுப்பில் என்று நம் வீடுகளில் நாமே பார்த்திருக்கிறோம். துக்கமும் பொய் இல்லை, அந்தச் சச்சரவும் பொய் இல்லை. இதைச் சொன்னதும் அவர் மறுபடி எடுத்துப் படித்தார்.

செத்தவரின் ஏழ்மையையோ உடம்பையோ சாதியையோ வைத்துச் சிரிப்பு மூட்டும் நாவல் என்றால், ஆசிரியர் சொன்னது சரி. நானும் மூடித்தான் வைப்பேன். அப்படிப்பட்டதை அலமாரியில் வைப்பதும் இல்லை.

ராத்திரிக்கு இரண்டு பக்கம்

வேண்டாம். முப்பதாவது பக்கத்தில் போட்ட முடிச்சு எழுபதாவது பக்கத்தில் சிரிப்பாக அவிழும். இடையில் இருபது நாள் போய்விட்டால் அவிழ்ந்ததே தெரியாது. குன்னூரில் மே மாதம் பல நாட்கள் மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். ஊட்டி மலர்க் கண்காட்சி, இங்கே சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று சாலையிலும் நெரிசல். காலையில் சுற்றிவிட்டு வந்து, சாப்பிட்டதும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்காருங்கள். டீயும் வர்க்கியும் நான் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு மதியத்தில் ஒரு நாவல் முடிந்துவிடும்.

மூன்று சித்தப்பா, நான்கு மச்சான்

யார் யாருக்கு என்ன உறவு என்று துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சிரித்த இடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுவது

அடுத்து அந்தப் புத்தகத்தைப் படிக்கப் போகிறவரிடம் மட்டும் கூடாது.

கிளம்பும் நாள் காலையில் கடைசி முப்பது பக்கம்

வாசலில் டாக்ஸி நிற்கும், குழந்தைக்கு ஸ்வெட்டர் மாட்ட வேண்டும், அறைச் சாவியைக் காணோம். அந்த நேரத்தில் மாடிப்படியில் நின்றுகொண்டு முடிவைப் படிப்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறேன். எழுதியவர் இருநூறு பக்கமாக அவிழ்க்காமல் வைத்திருந்த அத்தனை முடிச்சும் அந்த முப்பது பக்கத்தில்தான் அவிழும். முதல் நாள் ராத்திரியே முடிக்க முடியவில்லை என்றால் என்னிடம் சொல்லிவிட்டுப் புத்தகத்தை ஊருக்கு எடுத்துப் போங்கள். வீட்டில் நிதானமாகப் படித்துவிட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். அப்படிப் போன புத்தகங்கள் இதுவரை எல்லாமே திரும்பி வந்திருக்கின்றன.