பிறப்பு முதல் 15 வயது வரை: பிள்ளைகளின் தடுப்பூசிகளைத் தவறவிடாமல் போடுவது எப்படி?

பினாங்கில் பிறக்கும் குழந்தைக்கு மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே இரண்டு தடுப்பூசிகள் போடப்பட்டுவிடும். ஒன்று காசநோய்க்கான பி.சி.ஜி., மற்றொன்று கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாட்டைட்டிஸ் பி நோய்க்கானது. இவ்விரண்டையும் பெற்றோர் தேடிப் போக வேண்டியதில்லை. பின்னால் வருபவைதாம் நாம் நாள் பார்த்துப் போட வேண்டியவை. மலேசியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டம் பிறந்த நாளில் தொடங்கி 15 வயதில் முடிகிறது. ஊசிகள் மாதாமாதம் நெருங்கி வரும் காலத்தில் யாரும் மறப்பதில்லை. நடுவே நீண்ட இடைவெளி விழும்போதுதான் மறந்துபோகிறது. ஆகையால் இவ்வழிகாட்டியில் ஊசிகளோடு அந்த இடைவெளிகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் புத்தகம். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கொடுக்கப்படும் குழந்தை சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில்தான் ஒவ்வோர் ஊசியின் தேதியும் எழுதப்படுகிறது. ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, தாய் தந்தை இருவரிடமும் ஒரு பிரதி இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். நாங்கள் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கிலிருந்து அக்கரையிலுள்ள பிறை நகருக்கு வீடு மாறியபோது மூத்த மகளின் புத்தகம் தொலைந்துவிட்டது. எந்த ஊசி எப்போது போடப்பட்டது என்று கண்டறிய, பழைய கிளினிக்குக்குப் பாலம் கடந்து இரண்டு முறை அலைய நேர்ந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் அந்தப் புத்தகம் பிறப்புப் பத்திரத்தோடு ஒரே உறையில் இருக்கிறது.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு கொப்புளம் எழும்பி, சீழ் வைத்து, பொருக்குத் தட்டி, இரண்டு மூன்று மாதங்களில் தழும்பாக ஆறும். இது இயல்பானதே. பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியமும் மருந்தெண்ணெயுமாகப் பாட்டிமார் கவனித்துக்கொள்ளும் நாட்கள் அவை. அந்த அன்பில் அந்தக் கொப்புளத்தில் மஞ்சளோ எண்ணெயோ தடவிவிடக் கூடாது, பிதுக்கவும் கூடாது. குளிப்பாட்டிய பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அக்குளில் கட்டி போல் வீங்கினால் கிளினிக்கில் காட்டுங்கள்.

இரண்டாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை மாதந்தோறும் ஓர் ஊசி உண்டு. 2, 3, 5 ஆகிய மாதங்களில் போடப்படுவது ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி: தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி, இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ, ஹெப்பாட்டைட்டிஸ் பி, மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகியவற்றை அது தடுக்கிறது. 4, 6 ஆகிய மாதங்களில் வருவது நியூமோகோக்கல் ஊசி, இதுவும் நிமோனியா, மூளைக்காய்ச்சல் போன்றவற்றை உண்டாக்கும் வேறொரு கிருமிக்கானது. இரண்டும் மாறி மாறி வருவதால், "போன மாதம்தானே போட்டோம்" என்று நினைத்து நான்காம் மாதத்தைக் கைவிட்டுவிடும் பெற்றோர் உண்டு. நியூமோகோக்கல் ஊசி 2020இல்தான் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. எனவே மூத்த பிள்ளையின் புத்தகத்தைப் பார்த்து இளைய பிள்ளைக்குக் கணக்குப் போடாதீர்கள். போலியோ ஒழிந்துபோன நோயாயிற்றே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்ட மலேசியாவில், 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் மூன்று மாத ஆண் குழந்தை ஒன்று அந்நோயால் பாதிக்கப்பட்டது. நாட்டில் 27 ஆண்டுகளுக்குப் பிறகு கண்டறியப்பட்ட முதல் சம்பவம் அது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே மாதங்களை எண்ண வேண்டும். பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து அல்ல. லேசான சளியோ மூக்கொழுகலோ ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. கடும் காய்ச்சல், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சை, முந்தைய ஊசிக்குப் பின் ஏற்பட்ட கடுமையான ஒவ்வாமை ஆகியவற்றைத் தாதியிடம் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஏதாவது ஒரு தவணை தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். "ஏன் இவ்வளவு தாமதம்" என்று கேட்பார்களே என்ற கூச்சத்தில் மேலும் மாதங்களைக் கடத்துவதுதான் குழந்தைக்குக் கெடுதல்.

ஊசி போட்ட பின் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே காத்திருங்கள். அன்றிரவு காய்ச்சல் வந்து குழந்தை சிணுங்கினால், பாராசிட்டமால் மருந்தைக் குழந்தையின் எடைக்கேற்ற அளவில், தாதி சொன்னபடி கொடுக்கலாம். காய்ச்சல் வருமுன் காப்பாகக் கொடுக்க வேண்டாம். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், வலிப்பு ஆகியவற்றுள் எது தெரிந்தாலும் உடனே 999ஐ அழையுங்கள்.

ஆறாம் மாதத்துக்குப் பின் மூன்று மாத இடைவெளி. 9, 12 ஆகிய மாதங்களில் எம்.எம்.ஆர். ஊசி போடப்படுகிறது, இது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா ஆகியவற்றுக்கானது. 9 மாதம் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. தாயிடமிருந்து குழந்தைக்கு வந்த எதிர்ப்புச் சக்தி அப்போது கரைந்துகொண்டிருக்கும். மிக விரைவாகப் பரவும் தட்டம்மைக்கு அந்த நேரம் போதும். இந்த ஊசிக்கான காய்ச்சல் அன்றே வராமல் ஒரு வாரம், பத்து நாள் கழித்து, சில வேளை மேலில் சிறு தடிப்புகளோடு வரலாம். அதைக் கண்டு அம்மை போட்டுவிட்டது என்று பதற வேண்டாம். தலைமாட்டில் வேப்பிலை வைத்து அம்மனை வேண்டிக்கொள்வது நம் குடும்பங்களின் வழக்கம். வேண்டிக்கொள்ளுங்கள், காய்ச்சல் நீடித்தால் கிளினிக்குக்கும் தூக்கிச் செல்லுங்கள். தமிழ்நாட்டு உறவினரைப் பார்க்கக் கைக்குழந்தையோடு புறப்படுபவர்கள், பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரிடம் பேசி, பதிவுப் புத்தகத்தையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

15ஆம் மாதத்தில் நியூமோகோக்கல் ஊசிக்கும் 18ஆம் மாதத்தில் ஆறு நோய்க் கூட்டு ஊசிக்கும் ஊக்கத் தவணைகள் உண்டு. சின்னம்மை, கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டாவைரஸ், பருவகாலச் சளிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான ஊசிகளும் மருந்துகளும் இந்தப் பட்டியலில் இல்லை. வேண்டுபவர்கள் தனியார் கிளினிக்கில் பணம் கட்டிப் போட்டுக்கொள்ளலாம். ரோட்டாவைரஸ் சொட்டு மருந்தின் முதல் தவணையைக் குழந்தை 15 வாரத்தை எட்டுமுன் கொடுக்க வேண்டும் என்பதால், அதைப் பற்றி இரண்டாம் மாதத்திலேயே முடிவெடுங்கள்.

18 மாதத்துக்குப் பிறகு ஐந்தரை ஆண்டுகள் பட்டியலில் ஒன்றுமே இல்லை. புத்தகம் அலமாரியின் அடியில் போய்விடும் காலம் இதுதான். 7 வயதில், பிள்ளை முதலாம் ஆண்டில் இருக்கும்போது, பள்ளிச் சுகாதாரக் குழு வந்து தொண்டை அடைப்பான், இரண ஜன்னி ஆகியவற்றுக்கான ஊக்க ஊசியையும் தட்டம்மை, ருபெல்லா அடங்கிய ஊசியையும் போடும். அதற்கு முன் மலாய் மொழியில் ஓர் ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வரும். புத்தகப் பையில் கசங்கிக் கிடக்கும் அந்தத் தாளைத் தேடி எடுத்துக் கையெழுத்திட்டு மறுநாளே திருப்பி அனுப்புங்கள். ஊசி போட்ட நாளில் பிள்ளை பள்ளிக்குப் போகாதிருந்தால், அடுத்த வருகைக்குக் காத்திராமல் ஆசிரியரிடமும் அருகிலுள்ள சுகாதாரக் கிளினிக்கிலும் கேளுங்கள்.

13 வயதில் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. எனும் வைரஸ் கிருமிக்கான ஊசி போடப்படுகிறது. 2010 முதல் நம் நாட்டில் இது தேசியத் திட்டத்தில் இருக்கிறது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமான 16, 18 வகைக் கிருமிகளை இது தடுக்கிறது. அக்கிருமி உடலை அடையுமுன் போட்டால்தான் முழுப் பயன் கிடைக்கும். இவ்வளவு சிறு வயதில் போடுவதற்கு அதுவே முக்கியக் காரணம். மகளிடம் தாயே உட்கார்ந்து இதைச் சொல்வது நல்லது. புற்றுநோய்க்கான காப்பு என்று சொன்னால் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போய், முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு படிக்கும் மாணவிக்கு 13 வயதாகியிருந்தும் அவள் முதலாம் படிவத்தில் இருக்கமாட்டாள். இத்தகைய பிள்ளையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பள்ளி அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசி ஊசி 15 வயதில், மூன்றாம் படிவத்தில்: இரண ஜன்னிக்கான ஊக்கத் தவணை. மோட்டார் சைக்கிளில் விழுந்து காயத்தோடு அவசரப் பிரிவுக்குப் போனால், கடைசியாக இந்த ஊசி எப்போது போட்டது என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பவற்றுள் ஒன்றாகக் கேட்பார். தேதியைப் பிள்ளையின் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். தாதியர் பயிற்சிக்கோ வெளிநாட்டுப் படிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது தடுப்பூசிப் பதிவுகளைக் கேட்பதுண்டு. ஆகவே பள்ளி முடிந்ததும் அந்தப் பழைய புத்தகத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.