என்சைம் வரைபடம்: கோடு எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள்

சென்னையில் பயோகெமிஸ்ட்ரி பரீட்சைக்கு உட்காரும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. உடலின் வேதிவினைகளை வேகப்படுத்தும் என்சைமின் வேலையைத் தடுப்பதுதான் இன்ஹிபிஷன்; அதன் வகைகளின் அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள், தேர்வறையில் அது காலை வாரிவிடும்.

தாம்பரம் மின்சார ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்தான் காம்பெட்டிட்டிவ் இன்ஹிபிட்டர்: சப்ஸ்ட்ரேட் (என்சைம் மாற்றும் பொருள்) உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். கூட்டம் நெருக்கினால் துண்டு எடுபடாது. அதாவது சப்ஸ்ட்ரேட்டைக் கூட்டினால் பழைய விமேக்ஸ் (உச்ச வேகம்) வந்துவிடும். ஆனால் அதில் பாதி வேகத்தை எட்டவே கூடுதல் சப்ஸ்ட்ரேட் வேண்டும் என்பதால் கேஎம் (பாதி வேகத்துக்குத் தேவையான சப்ஸ்ட்ரேட் அளவு) ஏறும். மெத்தனால் விஷத்துக்கு எத்தனால் கொடுப்பது இந்தக் கணக்கில்தான். ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற என்சைமில் எத்தனால் இடம் பிடித்துக்கொள்வதால், மெத்தனால் நச்சான ஃபார்மிக் அமிலமாக மாறுவது தடைபடுகிறது. வைவாவில் இந்த உதாரணத்தைச் சொல்லிப் பாருங்கள், கேட்பவர் முகம் மலரும்.

நான்-காம்பெட்டிட்டிவ் வேறு இடத்தில் ஒட்டி என்சைமையே முடக்குகிறது. விமேக்ஸ் இறங்கும், கேஎம் அப்படியே. சப்ஸ்ட்ரேட் ஏறிய என்சைமில் மட்டும் ஒட்டும் அன்-காம்பெட்டிட்டிவில் இரண்டும் இறங்கும்.

சரி, 1934-இல் வந்த லைன்வீவர்-பர்க் வரைபடத்துக்கு வருவோம். செங்குத்து அச்சில் 1/வேகம், கிடை அச்சில் 1/சப்ஸ்ட்ரேட் அளவு. இன்ஹிபிட்டர் உள்ள கோடும் இல்லாத கோடும் செங்குத்து அச்சில் சந்தித்தால் காம்பெட்டிட்டிவ், கிடை அச்சில் சந்தித்தால் நான்-காம்பெட்டிட்டிவ், இணையாகப் போனால் அன்-காம்பெட்டிட்டிவ். இங்கே எல்லாமே தலைகீழ் மதிப்பு; கோடு கிடை அச்சை வெட்டுவது -1/கேஎம்-இல். கிடை அச்சில் வெட்டும் புள்ளி பூஜ்யத்தை நெருங்கினால் கேஎம் கூடியிருக்கிறது என்று பொருள். பலரும் மார்க்கை விடுவது இங்கேதான்.