கீழே விழுந்த அணில் குஞ்சை வளர்ப்பது எப்படி? சூடு முதலில், பால் அப்புறம்

தென்னையில் மட்டை கழிக்கும்போது, ஏசி அவுட்டோர் யூனிட்டைக் கழற்றும்போது, பரணைச் சுத்தம் செய்யும்போது என்று அணில் கூடு கலைய ஆயிரம் வழி உண்டு. நாரும் பஞ்சும் நூலுமாக ஒரு உருண்டை விழும், உள்ளே இரண்டு மூன்று குஞ்சுகள் நெளியும். உடனே யாராவது அடுக்களைக்கு ஓடி ஒரு கிண்ணத்தில் பசும்பாலோடு வருவார்கள். அவர்களைக் கொஞ்சம் தடுத்து நிறுத்துங்கள். சில்லிட்டுப்போன குஞ்சுக்குப் பால் புகட்டினால் அது செரிக்காது. பசியைவிடக் குளிரும் அவசரப் பாலும்தான் குஞ்சுகளை அதிகம் சாகடிக்கின்றன. இங்கே சொல்வது நம் ஊர் மூன்று வரி அணிலுக்கானது.

1. தாய் இருக்கிறதா என்று பாருங்கள்

உங்களைவிட நூறு மடங்கு நன்றாக வளர்க்கக்கூடியது தாய் அணில்தான். குஞ்சு காயமில்லாமல், கதகதப்பாக இருந்தால் ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, விழுந்த கூட்டுப் பஞ்சையும் வைத்து, அதே மரத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் நிழலாகக் கட்டுங்கள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று கவனியுங்கள். பக்கத்திலேயே நின்றால் தாய் இறங்காது, விட்டுப் போய்விட்டால் காக்கை தூக்கிவிடும். தாய் வந்தால் ஒவ்வொன்றாக வாயில் கவ்விப் புதுக் கூட்டுக்குக் கொண்டுபோகும்.

மனித வாடை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பார்கள். அதை நம்பி முயற்சியைக் கைவிடாதீர்கள், தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் இருட்டிய பிறகு அணில் வெளியே வராது. பொழுது சாயும்வரை பார்த்துவிட்டு உள்ளே எடுத்துவிடுங்கள்.

பூனை கவ்விய குஞ்சு என்றால் காத்திருக்கவே வேண்டாம். பல் பட்ட இடம் ஊசிமுனை அளவுதான் தெரியும், ஆனால் பூனையின் எச்சிலில் உள்ள பாக்டீரியா சீக்கிரமே ரத்தத்தில் பரவும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய் ஆன்டிபயாட்டிக் வாங்க வேண்டும்.

வனத்துறைக்கோ அருகிலுள்ள விலங்கு மீட்பு அமைப்புக்கோ ஒரு போன் போட்டுவிடுங்கள். சென்னைக்காரர்களுக்கு புளூ கிராஸ் இருக்கிறது. எடுத்துக்கொள்ள ஆள் இருந்தால் ஒப்படைத்துவிடுவதே நல்லது. மீதி எல்லாம் யாரும் கிடைக்காதவர்களுக்கு.

2. சூடு

ரோமம் முளைக்காத குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. முதலில் உள்ளங்கைக்குள் பொத்திப் பிடியுங்கள். குஞ்சு உங்கள் கைக்குச் சில்லென்று இருந்தால், வேறு எந்த வேலையும் அப்புறம்.

ஷூ வாங்கிய அட்டைப்பெட்டி போதும், மூடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். உள்ளே பழைய பனியன் துணி. டர்க்கி டவல் கூடாது, அதன் நூல் வளையத்தில் நகம் மாட்டிக் கால் பிசகும். வெறும் பஞ்சும் கூடாது, இழை காலில் சுற்றிக்கொள்ளும். ஒரு பாட்டிலில் சுடுநீர் ஊற்றி, துணி சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குஞ்சு மறுபக்கம் நகர்ந்துபோக இடம் வேண்டும். ஆறிய பாட்டிலை அப்படியே விட்டால் அதுவே குஞ்சின் சூட்டை உறிஞ்சிவிடும், மாற்றிக்கொண்டே இருங்கள். பழைய 40 வாட் குண்டு பல்பு வீட்டில் கிடந்தால் பெட்டிக்கு வெளியே தள்ளி எரியவிடலாம். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் மட்டும்தான் தரும், இதற்கு உதவாது.

அடுத்தது எறும்பு. நம் ஊரில் இதைச் சொல்லாமல் அணில் வளர்ப்பு பற்றிப் பேசவே முடியாது. பால் வாசனைக்கு ராத்திரியோடு ராத்திரியாக வந்து மொய்த்துவிடும். பெட்டியை ஸ்டூல் மேல் வைத்து, ஸ்டூலின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள். ஸ்டூல் சுவரில் உரசக் கூடாது. எறும்பு மருந்து, சாக்பீஸ் எதுவும் பக்கத்தில் வேண்டாம், அவை விஷம்.

3. பாலுக்கு முன் ஓ.ஆர்.எஸ்.

உடம்பு கதகதப்பான பிறகு முதல் ஓரிரண்டு வேளைக்கு மருந்துக் கடை ஓ.ஆர்.எஸ். கரைசல் மட்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுதாகக் கரையுங்கள். கண்ணளவாகக் கொஞ்சம் பொடி எடுத்துக் கலக்கினால் உப்பு ஏறிவிடும். மிச்சத்தை மறுநாள் கொட்டிவிடுங்கள். பிடரித் தோலை மெல்லக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம்போல நின்றால் இன்னும் நீர் வற்றியிருக்கிறது என்று அர்த்தம்.

4. பால் புகட்டுதல்

பசும்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், அந்தச் சின்ன உடம்பு அதைத் தாங்காது. செல்லப்பிராணிக் கடைகளில் நாய்க்குட்டிகளுக்கான பால் பவுடர் கிடைக்கும், அதுதான் வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கலக்கி, முதல் நாள் மட்டும் இன்னும் கொஞ்சம் நீர்க்கக் கொடுங்கள். கடை திறக்கும்வரை சமாளிக்க வேண்டுமென்றால் ஓ.ஆர்.எஸ்.ஸே போதும்.

கருவி: 1 மி.லி. இன்சுலின் சிரிஞ்ச், ஊசி இல்லாமல்.

அளவு: உடல் எடையில் 5 சதவீதம். 10 கிராம் குஞ்சுக்கு ஒரு வேளைக்கு அரை மி.லி., 20 கிராமுக்கு 1 மி.லி. நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை ஏறாமல் நின்றால் ஏதோ சரியில்லை.

பிடிக்கும் விதம்தான் முக்கியம். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டுக் கொடுக்கவே கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். துணியில் சுற்றி, வயிறு கீழே இருக்க, தலை சற்றே உயர்ந்திருக்கும்படி இடது கையில் பிடியுங்கள். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டு வெதுவெதுப்பைப் பாருங்கள். சிரிஞ்ச் முனையை உதட்டின் ஓரத்தில் வைத்து ஒரு சொட்டு விட்டால் நக்கும். அது விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. பழகிவிட்டால் இரண்டு முன்கைகளாலும் முனையைப் பிடித்து இழுக்கும், அப்போதும் நீங்கள் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

மூக்கில் பால் குமிழ் வந்தால் உடனே நிறுத்தி, தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு மூச்சு விடும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் நிமோனியாவாக இருக்கலாம், வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.

இடைவெளி: ரோமமில்லாத இளஞ்சிவப்புக் குஞ்சுக்கு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் எழுந்திருக்கத்தான் வேண்டும். வெல்வெட் மாதிரி ரோமம் வந்து வரிகள் தெளிந்தால் 3 மணி நேரம். கண் திறந்தபின் 4 மணி நேரம், இரவில் நீங்களும் தூங்கலாம். மூன்று வாரம் வாக்கில் கண் திறக்கும், சிலது முன்னே பின்னே. நீங்களாகப் பிரித்துப் பார்க்காதீர்கள்.

5. மூத்திரம் போகவைப்பது

பலருக்குத் தெரியாத விஷயம் இது. கண் திறக்கும்வரை குஞ்சு தானாகச் சிறுநீர் கழிக்காது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்ல வருடுங்கள், சில நொடிகளில் ஈரமாகும். வாயில் ஒட்டிய பாலையும் அப்போதே துடைத்துவிடுங்கள், காய்ந்தால் ரோமம் உதிரும்.

6. கண் திறந்த பிறகு

பெட்டியிலிருந்து கம்பிக் கூண்டுக்கு மாற்றுங்கள். கொய்யா, சப்போட்டா, தேங்காய்ச் சில், முருங்கைக்கீரை என்று ஒவ்வொன்றாக உள்ளே வையுங்கள். அதுவாகக் கொறிக்கட்டும், பாலைப் படிப்படியாகக் குறைக்கலாம். வேர்க்கடலையையும் சூரியகாந்தி விதையையும் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் கால்சியம் குறைந்து எலும்பு வளைந்துவிடும், பின்னங்கால் இழுக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு கிடைக்கும். ஒரு துண்டைக் கூண்டில் கட்டுங்கள். காலை வெயில் தினமும் கொஞ்சம் படட்டும், கூடவே ஒதுங்க நிழலும் வேண்டும். பல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் கடிக்க வேப்பங்குச்சி போடுங்கள். பிஸ்கட், சாக்லேட், மிக்சர் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குள் அவிழ்த்துவிடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். நடக்கும்போது காலடியைப் பாருங்கள். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி மருத்துவரைப் பாருங்கள்.

7. விடுதலை

சுமார் 10 வாரத்தில் பால்குடி மறந்துவிடும். வால் அடர்ந்து, தானாகக் கொட்டையை உடைத்துத் தின்று, புதியவரைக் கண்டால் ஓடி ஒளிந்தால் தயார். உங்கள் தோளில் ஏறி விளையாடுவது அழகுதான், ஆனால் எல்லா மனிதர்களையும் அது உங்களைப் போல நினைத்தால் அதற்குத்தான் ஆபத்து. அதனால் கடைசி வாரங்களில் கொஞ்சுவதைக் குறைத்துவிடுங்கள்.

கூண்டை மரத்தையொட்டிய மாடியிலோ பால்கனியிலோ சில நாள் வைத்துப் பழக்குங்கள். பூனை எட்டக் கூடாது. பிறகு மழை இல்லாத ஒரு காலையில் கதவைத் திறந்துவிடுங்கள். முதல் சில நாள் சாயங்காலம் தூங்கத் திரும்பி வரும், அதற்காகத் தீனியும் தண்ணீரும் கூண்டிலேயே இருக்கட்டும். வருவது நின்றபிறகும் ஒரு வாரம் கூண்டை எடுக்காதீர்கள். அதன்பின் துணிகளைத் தூக்கிப்போட்டு, கூண்டை வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். அடுத்த மட்டை கழிக்கும் சமயத்தில் மரம் ஏறுபவரிடம், "அண்ணே, கூடு இருக்கான்னு பார்த்துட்டு வெட்டுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.