ஹை-ஃபை அமைப்பைச் சோதிக்க எந்தப் பாட்டைப் போடுவது?

புது ஸ்பீக்கரோ ஆம்ப்ளிஃபையரோ கேட்டுப் பார்க்கப் போகிறவர்கள் பலரும் தங்கள் பாட்டு எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. அங்கே எதைப் போடுகிறார்களோ அதைக் கேட்கிறார்கள். அநேகமாக ஒரு பெண் குரல், ஒரு கிட்டார், அடியில் மெல்லிய பேஸ். கேட்க அருமையாக இருக்கும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. அந்த மாதிரிப் பதிவு சுமாரான ஸ்பீக்கரிலும் அருமையாகத்தான் கேட்கும்.

சோதனைக்கு எடுக்கும் பதிவு இனிமையாக இருந்தால் மட்டும் போதாது. கருவியில் குறை இருந்தால் அந்தப் பதிவில் அது அப்பட்டமாகத் தெரியவேண்டும். "எந்தப் பாட்டு நன்றாக இருக்கும்?" என்று தேடுவதை விட்டுவிட்டு, "எந்தப் பாட்டு மோசமான ஸ்பீக்கரில் சொதப்பும்?" என்று தேடுங்கள். அப்படித் தேடினால் ஏழெட்டுப் பாட்டிலேயே வேலை முடிந்துவிடும்.

இது வெறும் ரசனை சார்ந்த கருத்து இல்லை. ஒலிக்கருவிகள் செய்யும் ஹர்மன் நிறுவனத்தின் ஆய்வாளர் ஷான் ஓலிவ், 1994-இல் இதையே ஆராய்ந்தார். ஒலியின் சமநிலையை, அதாவது தாழ்ந்த, நடு, உயர்ந்த ஒலிகளின் விகிதத்தை, வேண்டுமென்றே மாற்றி, எந்த ஒலிப்பதிவில் கேட்பவர்கள் அந்த மாற்றத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்தார். தாழ்ந்தது முதல் உயர்ந்தது வரை எல்லா ஒலிகளும் கலந்து 'ஷ்ஷ்' என்று இரையும் பிங்க் நாய்ஸ் முதலிடத்தில் வந்தது. குரல், டிரம்ஸ், பேஸ் எல்லாம் சேர்ந்த நெருக்கமான பாட்டுகளும் நன்றாக உதவின. தனிக் குரலும் தனி வாத்தியமும் பின்தங்கின. காரணம் எளிது. ஸ்பீக்கரில் 2 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 2,000 அதிர்வுகள்) பக்கம் ஒலி குறைந்து ஒரு பள்ளம் இருக்கிறது என்று வையுங்கள். பாட்டில் அந்த இடத்தில் ஒலியே இல்லாவிட்டால் பள்ளம் எப்படித் தெரியும்?

முதல் படி: ரொம்ப நாள் பழகிய பாட்டு

புதிதாக எதையும் தேடிப் போகவேண்டாம். கார், ஹெட்ஃபோன், நண்பர் வீட்டு ஸ்பீக்கர் என்று பல இடங்களில் பல வருஷமாகக் கேட்டுப் பழகிய பாட்டுகளிலிருந்து தொடங்குங்கள்.

ஏன் பல இடங்களில்? பாடகரின் குரல் மூக்கடைத்த மாதிரி கேட்கிறது என்றால், தப்பு பதிவிலா, ஸ்பீக்கரிலா? ஒலிப்பதிவுக் கூடத்தில் நாம் இருந்ததில்லை, நமக்குத் தெரியாது. அந்தப் பதிவைச் செய்தவரும் தன் கூடத்தில் இருந்த ஸ்பீக்கரை நம்பித்தான் முடிவெடுத்திருப்பார். ஒலி ஆய்வாளர் ஃப்ளாய்ட் டூல் இந்தச் சுழலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்: ஸ்பீக்கரைப் பதிவை வைத்து எடை போடுகிறோம், பதிவை ஸ்பீக்கரை வைத்து உருவாக்குகிறோம். இதிலிருந்து ஒரு கேட்பவர் வெளியே வர ஒரே வழி, ஒரு பாட்டைப் பல கருவிகளில் கேட்பது. எல்லா இடத்திலும் மாறாமல் இருக்கும் குணம் பதிவுடையது. இடத்துக்கு இடம் மாறுவது கருவியுடையது, அல்லது அறையுடையது.

இரண்டாம் படி: கோப்பைச் சரிபாருங்கள்

சி.டி. தரத்தில், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் லாஸ்லெஸ் கோப்பு (ஒலியில் எதையும் இழக்காமல் சேமித்தது) இருந்தால் போதும். மனிதக் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸ் வரை அதில் அடங்கிவிடும். அதைவிடப் பெரிய எண்களைத் தேடி அலையவேண்டாம். அந்த நேரத்தை நல்ல பதிப்பைத் தேடுவதில் செலவழியுங்கள்.

பதிப்பு என்பது முக்கியம். ஒரே பாட்டு பழைய சி.டி.யில் ஒரு மாதிரியும், பின்னால் ஒலியைத் திருத்தி வெளியிட்ட ரீமாஸ்டரில் வேறு மாதிரியும் இருக்கும். பல ரீமாஸ்டர்களில் மொத்த ஒலியையும் தூக்கி, டிரம்ஸ் அடியின் உச்சிகளைச் சீவிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து கேளுங்கள். எதில் டிரம்ஸ் அடி பாட்டைவிட்டு எழும்பி நிற்கிறதோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்பதானால் சத்தத்தைச் சமன்செய்யும் வசதி, ஈக்வலைசர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ப்ளூடூத் வேண்டாம், சோதனைக்கு மட்டுமாவது வயர் போடுங்கள்.

மூன்றாம் படி: எந்தப் பாட்டு எதைச் சோதிக்கும்

முதலில் நெருக்கமான பாட்டு ஒன்று. முழு இசைக்குழு, டிரம்ஸ், பேஸ், நடுவில் குரல், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடவேண்டும். ஒட்டுமொத்தச் சமநிலைக்கு இதுதான் அடிப்படை. குரல் வாத்தியங்களுக்குப் பின்னால் போய்விடுகிறதா, சிம்பல் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா, பேஸ் எல்லாவற்றையும் மூடிவிடுகிறதா என்று கவனியுங்கள்.

இப்போது குரல். தனிக் குரல் சமநிலையைக் காட்டாது என்று மேலே சொன்னேன். அதற்காக அதை ஒதுக்கிவிடக் கூடாது. பிசிறு, கரகரப்பு, உருக்குலைவு எதுவானாலும் ஒளிந்துகொள்ள அதில் இடம் கிடையாது. எம்பி3 தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், வாத்தியமே இல்லாமல் சூசன் வேகா பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட்டித் தன் முறையைச் செப்பனிட்டார். மற்ற இசையில் மறைந்துபோன குறைகள் அந்த ஒற்றைக் குரலில் வெளிப்பட்டன.

குரலில் முதலில் 'ஸ', 'ஷ' வரும் இடங்களைக் கேளுங்கள். இவற்றின் கூர்மை பெரும்பாலும் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் அங்கே துள்ளினால் ஒவ்வொரு 'ஸ'வும் காதைக் குத்தும். அப்புறம் இன்னொன்று: இரண்டு டிரைவர் (ஒலியெழுப்பும் பகுதி) உள்ள ஸ்பீக்கரில், தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபர் தன் வேலையை ட்வீட்டரிடம் ஒப்படைக்கும் இடம் பெரும்பாலும் 2 அல்லது 3 கிலோஹெர்ட்ஸ் அருகில்தான். சொற்களைத் தெளிவாக்கும் ஒலிகள் இருக்கும் பகுதி அது. பாட்டு ஓடும்போதே மெதுவாக எழுந்து நில்லுங்கள், மறுபடி உட்காருங்கள். குரலின் குணம் சட்டென்று மாறினால், அந்த ஒப்படைப்பு சரியாக அமையவில்லை. பெண் குரலோடு ஆழமான ஆண் குரல் ஒன்றும் வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியே சேர்ந்து அதிர்ந்தால் ஆண் குரலின் அடிப்பகுதி தடித்துக் கேட்கும்.

அடுத்தது பேஸ். இதில் பலரும் தவறான பாட்டை எடுக்கிறார்கள். 'தும் தும்' என்று ஒரே அடி திரும்பத் திரும்ப வரும் பாட்டு, எவ்வளவு பேஸ் வருகிறது என்று மட்டும்தான் சொல்லும். நமக்கு வேண்டியது படியேறி இறங்கும் பேஸ். டபுள் பேஸ் வாத்தியம் ஒவ்வொரு ஸ்வரமாக நடந்துபோகும் ஜாஸ் பதிவு இதற்குப் பிரமாதம். டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தியான இ, சுமார் 41 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த ஸ்வரமான எஃப், சுமார் 44. இப்போது 4 மீட்டர் நீள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது. அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் சுமார் 43 ஹெர்ட்ஸ் வரும். அந்த அறை இயல்பாகவே தூக்கிக் கொடுக்கும் ஒலி அது. அதாவது வாத்தியக்காரர் எல்லா ஸ்வரத்தையும் ஒரே அழுத்தத்தில் வாசித்தாலும், அந்த அறையில் சுவரோரம் உட்கார்ந்து கேட்டால் எஃப் மற்றவற்றைவிட வீங்கி நிற்கும். அறையின் நடுவில் உட்கார்ந்தால் அதே எஃப் காணாமல் போகும். ஸ்பீக்கர்மேல் தப்பில்லை, அறை செய்யும் வேலை அது. நாற்காலியை ஓர் அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

பேஸில் இன்னொரு சங்கதி உண்டு. சின்ன ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வராவிட்டாலும் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஒலிகள் வரும். அவற்றைக் கொண்டே மூளை அடி ஸ்வரத்தை நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் கைபேசியில்கூட பேஸ் மெட்டு புரிகிறது. மெட்டு கேட்கிறது என்பதை வைத்து ஆழம் வருகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நெஞ்சிலும் தரையிலும் அந்த அதிர்வு தெரிகிறதா என்று பாருங்கள்.

திடீர் அடிகளுக்கு மிருதங்கத்தைப் பரிந்துரைப்பேன். ஒரே வாத்தியத்தில் இரண்டு சோதனை அடங்கிவிடும். வலப்பக்கமான வலந்தலையில் விழும் அடி கூர்மையாக எழுந்து ஸ்வரத்தோடு அடங்கவேண்டும். இடப்பக்கத் தொப்பியில் கும்கி வரும்போது, தாழ்ந்த ஒலி வழுக்கிக்கொண்டு போவது தனியாகத் தெரியவேண்டும். மந்தமான அமைப்பில் வலந்தலை வெறும் 'டக்' ஆகிவிடும், கும்கி வெறும் 'பும்' ஆகிவிடும். வேகமான சொற்கட்டு வரும் இடமாக எடுத்துக்கொண்டால், ஓர் அடியின் வால் அடுத்த அடிமேல் ஏறுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய ஆர்கெஸ்ட்ரா பதிவு ஒன்று. மெல்லிய இடம் கேட்கும் அளவுக்கு வால்யூமை வைத்துவிட்டு, உச்சம் வரும்வரை அதைத் தொடாமல் இருங்கள். உச்சத்தில் வயலின் கூட்டம் இறுகிக் கத்தினால் ஆம்ப்ளிஃபையரோ ஸ்பீக்கரோ தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

மேடைக் கச்சேரிப் பதிவுகளில் கைத்தட்டல் வரும் இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அது மிகக் கடுமையான சோதனை. நல்ல அமைப்பில் முன்வரிசைக் கைகள் தனித்தனியாகவும், பின்வரிசை ஒரு திரளாகவும் கேட்கும். மோசமான அமைப்பில் மொத்தமும் தகரக் கூரைமேல் பெய்யும் மழையாகிவிடும்.

கடைசியாக ஒரு மோனோ பதிவு, ஸ்டீரியோ வருவதற்கு முந்தைய காலத்துப் பாட்டு. மோனோவில் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வருகிறது. எனவே நடுவில் உட்கார்ந்து கேட்டால் பாடகர் இரண்டுக்கும் சரியாக நடுவில், ஒரு சிறிய இடத்தில் நிற்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பீக்கர்களின் தூரமோ கோணமோ சமமாக இல்லை. குரல் எங்கேயோ பரவி, பேஸும் மெலிந்துபோனால் ஒரு ஸ்பீக்கரின் வயரில் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறியிருக்கிறது. கடைசியில் சொன்னாலும், மற்ற எதற்கும் முன்னால் இதைத்தான் போடவேண்டும். இது தேறாமல் மற்றவற்றைக் கேட்பதில் அர்த்தமில்லை.

தனித்தனி வாத்திய ஒலிகள் இன்னும் வேண்டும் என்றால், ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1988-இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காஸ்டனெட், க்ளாக்கன்ஸ்பீல், ஹார்ப்சிகார்ட், பேச்சுக் குரல்கள் எல்லாம் அதில் உண்டு. ரசித்துக் கேட்க அல்ல, ஆராய்ந்து கேட்கச் செய்தது.

நான்காம் படி: சிறு துண்டுகளாக எடுங்கள்

முழுப் பாட்டையும் ஓடவிட்டால் இசைக்குள் போய்விடுவோம், சோதனை மறந்துவிடும். ஒவ்வொரு பாட்டிலும் 30, 40 நொடி மட்டும் தேர்ந்தெடுங்கள். அது எங்கே தொடங்குகிறது, அதில் எதைக் கேட்கவேண்டும் என்று ஒரே வரியில் குறித்துக்கொள்ளுங்கள். "1:12 – இரண்டாம் சரணம், 'ஸ' குத்துகிறதா?" இப்படி. பொதுவாக "ஒலி எப்படி?" என்று கேட்டால் எல்லாமே நன்றாகத்தான் தோன்றும்.

ஐந்தாம் படி: சத்தத்தைச் சமமாக்குங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டால் மேலே செய்த அத்தனையும் வீண். இரண்டு கருவிகளில் ஒன்று ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும், "சத்தம் அதிகம்" என்று நமக்குத் தோன்றாது, "தெளிவு அதிகம்" என்றே தோன்றும். காது கேட்கும் விதத்தை ஆராய்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இல் வெளியிட்ட அளவீடுகளே காட்டின: சத்தம் குறையக் குறைய, காது தாழ்ந்த ஒலிகளை மற்றவற்றைவிட வேகமாகக் கைவிடுகிறது. ஆகவே வால்யூம் கூடினாலே பேஸும் சேர்ந்து கூடிய மாதிரி இருக்கும்.

வழி சுலபம்தான். பிங்க் நாய்ஸ் கோப்பு ஒன்றை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் கைபேசியின் டெசிபல் செயலியை வைத்து அளவு பாருங்கள். செயலி காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒப்பிடத்தானே வேண்டும். கைபேசியை நகர்த்தாமல் இரண்டாவது கருவியையும் அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். அரை டெசிபலுக்குள் வந்தால் தொடங்கலாம். பிங்க் நாய்ஸ் ஓடும்போதே காதையும் கொடுங்கள். சீரான இரைச்சலில் ஏதோ ஒரு ஸ்வரம் முனகுவதுபோல் இருந்தால், அந்த இடத்தில் ஸ்பீக்கருக்கு ஒரு மேடு இருக்கிறது.

ஆறாம் படி: கேட்பது

முதலில் மோனோ, பிறகு நெருக்கமான பாட்டு, அதன்பின் மற்றவை. ஒரு கருவியில் ஒரு துண்டு, உடனே அடுத்த கருவியில் அதே துண்டு. இடைவெளி நீளக் கூடாது. ஒலியின் நுணுக்கமான நினைவு சில நொடிகளிலேயே மங்கத் தொடங்கிவிடும். முடிந்தால் எது ஓடுகிறது என்று நமக்குத் தெரியாமல் வேறொருவர் மாற்றிக் கொடுக்கட்டும். விலையும் பெயரும் கண்ணில் படாதபோது காது வேறு தீர்ப்புச் சொல்வது சகஜம். தோன்றியதை உடனே எழுதிவிடுங்கள், பேசுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். காது களைத்துவிட்டால் நிறுத்திவிட்டு வேறு நாள் தொடருங்கள்.

எல்லாம் முடிந்ததும், பதிவு சுமார்தான் என்று தெரிந்தும் உயிராக நேசிக்கிற பாட்டு ஒன்றைப் போடுங்கள். நாளைக்கு நீங்கள் கேட்கப்போவது அதைத்தான். அதை ஐந்து நிமிஷம் கேட்கவே விடாத ஸ்பீக்கர், மற்ற சோதனைகளில் எத்தனை தேறினாலும் உங்களுக்கானது அல்ல என்பது என் கட்சி.

இந்தக் கோப்புகளைத் தனி ஃபோல்டரில் போட்டு, கைபேசியிலும் ஒரு பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீமிங் பட்டியலை மட்டும் நம்பவேண்டாம். அங்கே ஒரு பாட்டின் பதிப்பு சொல்லாமல் கொள்ளாமல் மாறலாம். பட்டியலையும் அடிக்கடி மாற்றாதீர்கள். புதுப் பாட்டு ஒன்றைச் சேர்க்கத் தோன்றினால், முதலில் அதைத் தெரிந்த கருவிகளில் சில மாதம் பழகிவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.