ஆங்கில வாக்கியத்தில் எந்தச் சொல் எந்த வகை? வெர்பிலிருந்து தொடங்குங்கள்

ஆங்கிலச் சொற்களின் எட்டு வகைகளையும் (பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்) மனப்பாடம் செய்த பிறகும் பலர் தடுமாறுவதற்குக் காரணம் ஒன்றுதான்: சொல்லைத் தனியே பிடுங்கி வைத்துப் பார்க்கிறார்கள். ‘வாட்டர்’ நவுனா (பெயர்ச்சொல்லா) வெர்பா (வினைச்சொல்லா) என்று தனியாகக் கேட்டால் பதிலே கிடையாது. வாக்கியத்தில் அது செய்யும் வேலைதான் வகையை முடிவு செய்யும். இந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்:

‘தி யங் நர்ஸ் கேர்ஃபுலி வாட்டர்ட் தி பிளான்ட்ஸ் பிஹைன்ட் ஹர் ஹவுஸ் பிகாஸ் தி வாட்டர் டேங்க் வாஸ் ஃபுல்.’

படி 1: வெர்ப்
காலத்தை மாற்றிப் பாருங்கள். நேற்று நடந்ததை நாளைக்குத் தள்ளினால் ‘வாட்டர்ட்’ என்பது ‘வில் வாட்டர்’ ஆகும். ‘வாஸ்’ என்பது ‘வில் பி’ ஆகும். மற்ற எந்தச் சொல்லும் அசையாது. ஆகவே இவை இரண்டும்தான் வெர்ப். ‘-இங்’ சொற்களில் ஏமாறாமல் இருக்கவும் இதே சோதனை போதும். ‘ஸ்விம்மிங் இஸ் ஃபன்’ என்பதை இறந்தகாலத்துக்கு மாற்றினால் ‘இஸ்’ மட்டுமே ‘வாஸ்’ ஆகிறது; ‘ஸ்விம்மிங்’ அப்படியே நிற்கிறது. அங்கே அது நவுன் வேலை பார்க்கிறது.

நம் வாக்கியத்தில் இரண்டு வெர்ப், இரண்டு தனித்தனிச் செய்தி. இரண்டையும் இணைக்கும் ‘பிகாஸ்’ கன்ஜங்ஷன். இது தேடாமலே கிடைத்துவிட்டது.

படி 2: நவுன்
‘தி ____ இஸ் குட்’ என்ற இடைவெளியில் போட்டுப் பாருங்கள், பன்மையானால் ‘ஆர்’. நர்ஸ், பிளான்ட்ஸ், ஹவுஸ், டேங்க் நான்கும் பொருந்தும். இவற்றுக்குப் பதிலாக வரும் ‘ஷி’, ‘இட்’, ‘தெம்’ போன்றவை ப்ரோநவுன்.

படி 3: அட்ஜெக்டிவ்
நவுனை விவரிக்கும் சொல் இது. ‘யங்’ நவுனுக்கு முன்னால் நிற்கிறது. ‘ஃபுல்’ வெர்புக்குப் பின்னால் நின்றாலும் டேங்கைத்தான் விவரிக்கிறது. இரண்டும் அட்ஜெக்டிவ். ‘வாட்டர் டேங்க்’கில் உள்ள ‘வாட்டர்’? ‘வெரி யங்’ என்று சொல்லலாம், ‘வெரி வாட்டர்’ என்று சொல்ல முடியாது. அது இன்னொரு நவுனை ஒட்டி நிற்கும் நவுன். ‘தி’, ‘ஹர்’ இரண்டையும் பழைய பாடநூல்கள் அட்ஜெக்டிவில் சேர்க்கும், புதியவை டிட்டர்மினர் (எது, யாருடையது என்று நவுனைச் சுட்டும் சொல்) என்று பிரிக்கும். தேர்வுக்கு உங்கள் பாடநூலைப் பின்பற்றுங்கள்.

படி 4: அட்வெர்ப்
‘கேர்ஃபுலி’யை வாக்கியத்தின் முதலில் தூக்கி வைத்தாலும் பொருள் கெடாது. ‘எப்படி ஊற்றினாள்?’ என்ற கேள்விக்குப் பதில் அது. ‘-லி’யை மட்டும் நம்பாதீர்கள்: ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’ இரண்டும் அட்ஜெக்டிவ். ‘ஃபாஸ்ட்’ இரண்டு வேலையும் செய்யும்.

‘அழகான’ என்றால் அட்ஜெக்டிவ், ‘அழகாக’ என்றால் அட்வெர்ப் என்ற குறுக்குவழி பெரும்பாலும் பலிக்கும். கவிழ்க்கும் இடம் ஒன்று உண்டு. ‘அவள் அழகாக இருக்கிறாள்’ என்று தமிழில் யோசித்து ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுலி’ என்று எழுதிவிடுவார்கள். லுக், ஃபீல், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட், சீம் வரும்போது அந்த இடத்தில் ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்’ பொருந்துகிறதா? அப்படியானால் அட்ஜெக்டிவ்தான் வர வேண்டும்.

படி 5: ப்ரெபொசிஷன்
தமிழில் ‘வீட்டுக்குப் பின்னால்’ என்று பெயருக்குப் பிறகு வருவது, ஆங்கிலத்தில் ‘பிஹைன்ட் ஹர் ஹவுஸ்’ என்று முன்னால் வரும். சில சொற்கள் இரண்டு வகையிலும் வரும்: அவற்றுக்கு அடுத்து நவுன் மட்டும் இருந்தால் ப்ரெபொசிஷன், ஆளும் வெர்புமாக முழுச் செய்தி இருந்தால் கன்ஜங்ஷன். ‘ஆஃப்டர் லன்ச்’ முதல் வகை. ‘ஆஃப்டர் ஹி லெஃப்ட்’ இரண்டாவது.

எட்டாவதான இன்டர்ஜெக்ஷனுக்குச் சோதனையே வேண்டாம், ‘வாவ்!’, ‘அலாஸ்!’ என்று தனியே நின்று கத்தும்.

‘டு’ மட்டும் கொஞ்சம் வில்லங்கம். அதற்குப் பின்னால் ‘தி பார்ட்டி’ என்று வைத்துப் பாருங்கள். ‘வான்ட் டு தி பார்ட்டி’ ஒட்டாது. ஆகவே அங்கே ‘டு’ ப்ரெபொசிஷன் அல்ல, அடுத்து வெர்ப் வரும்: ‘வான்ட் டு மீட்’. ‘லுக் ஃபார்வர்ட் டு தி பார்ட்டி’ ஒட்டும். அங்கே ‘டு’ ப்ரெபொசிஷன், அடுத்து நவுன் வேலை பார்க்கும் ‘-இங்’ சொல்தான் வரும். அதனால்தான் கடிதங்களில் ‘லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்று எழுத வேண்டும். ‘டு மீட் யூ’ தவறு.